வழி சொல்லும் கற்கள்



வரலாறு என்றவுடன் கல்வெட்டும் கோட்டையும் நம் நினைவிற்கு வருகின்றன. ஓர் எழுத்தும் பொறிக்கப்படாத வெறும் பாறாங்கல்லுக்கும் வரலாறு உண்டென்பதை இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். நான் கூறும் கற்கள் ஸ்வீடன், நார்வே, பின்லாந்து ஆகிய வடநாட்டுக் காடுகளில் கிடப்பவை.

அவற்றை அங்கே கொணர்ந்து போட்டது யார்? வெள்ளப் பெருக்கே என்று பலர் நெடுங்காலம் நம்பினர். 1837ஆம் ஆண்டில் லூயி அகாசி என்னும் அறிஞர், ஸ்விட்சர்லாந்தில் அறிவியலார் அவையொன்றில், பனிக்கட்டியே இத்தகைய கற்களைச் சுமந்து வந்தது என்று வாதிட்டார். முற்காலத்தில் வடநாடுகளைப் பெரும் பனிப் போர்வை மூடியிருந்தது. அது மலைப்பாறைகளைப் பெயர்த்து நகர்ந்தது. உருகியபோது, சுமந்து வந்த கற்களை ஆங்காங்கே விட்டுச் சென்றது.

அக்காடுகளில் பிறந்த விளையாட்டே ஓரியண்டீரிங். படமும் திசைகாட்டியும் துணையாகக் கொண்டு, குறித்த இடங்களை வரிசையாகக் கண்டு, விரைந்து ஓடி முடிப்பவரே வெற்றி பெறுவர். படைவீரர் பயிற்சியாகத் தொடங்கிய இது, 1897இல் நார்வேயில் பொதுமக்களுக்குரிய போட்டியாயிற்று. 1919இல் மேஜர் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் ஸ்டாக்ஹோம் அருகே பெரும் போட்டியொன்றை நடத்தி, இளைஞரிடையே இதனைப் பரப்பினார்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அக்காலத்து ஓட்டக்காரர் கையிலிருந்த படங்களில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 100 மீட்டர். ஆளுயரக் கல்லை அதில் எவ்வாறு காட்டுவது? படத்தில் இல்லாத கல்லருகே குறியிடத்தை வைத்தால், அதனைக் காண்பது திறமையாகுமா, தற்செயலாகுமா? நேர்மையான போட்டிக்கு நேர்மையான படம் வேண்டும் என்பது விளங்கிற்று. ஆகவே இவ்விளையாட்டினரே காடுகளை அளந்து படம் வரையத் தொடங்கினர். 1950இல் நார்வேயில் இதற்கெனவே பல வண்ணப் படம் அச்சாயிற்று. 1961இல் கோபன்ஹேகனில் 10 நாடுகள் கூடி அனைத்துலகக் கூட்டமைப்பை நிறுவின. நாளடைவில் படக்குறிகளும் உலகுக்கெல்லாம் பொதுவாயின.

அம்முறைப்படி, ஏறத்தாழ 1 மீட்டருக்குக் குறையாத உயரமுள்ள கல் ஒரு கரும்புள்ளி. 15,000இல் ஒரு பங்காகச் சுருக்கிய படத்தில் அப்புள்ளியின் அகலம் 0.4 மில்லிமீட்டர், தரைக் கணக்கில் 6 மீட்டர்! கல்லைவிடப் புள்ளி பெரிது. எல்லாக் கற்களையும் குறித்தால் படம் கருத்துவிடும். சுற்றுப்புறத்தில் தனித்துத் தோன்றும் கல்லையே படவரைஞர் தேர்ந்தெடுக்கிறார். எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதே அவர் கலை.

தேர்ந்த ஓட்டக்காரர் தொலைவிலிருந்தே கல்லைத் தேடுவதில்லை. முதலில் குன்று, ஓடை, பள்ளம் ஆகிய பெரிய அடையாளங்களைப் பற்றிச் செல்கிறார். இறுதியில்தான் கல்லை நாடுகிறார். கல்லின் எந்தப் பக்கத்தில் குறிக்கொடி உள்ளது என்பதும் அவரிடமுள்ள விளக்கச் சீட்டில் இருக்கும். வடபுறத்துக் கொடியைத் தெற்கிலிருந்து வருபவர் காண இயலாதன்றோ?

நண்பர்களே, எழுதாத கல்லும் படிக்கத் தெரிந்தவருக்குப் பேசும். அகாசிக்கு அது பனியூழியைச் சொல்லிற்று. ஓட்டக்காரருக்கு அவர் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. நீங்கள் நடக்கும் நிலத்தையும் ஒருமுறை படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.