காரீயக் கூரையும் அதன் கைகளும்

ஓர் ஆலயத்தினுள் நுழையும்போது நம் கண்கள் முதலில் பலிபீடத்தை நாடுகின்றன. பின்னர் சுரூபங்களிலும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களிலும் தூண்களின் உயரத்திலும் தோய்கின்றன. கூரையின் உட்புறத்தை அண்ணாந்து வியப்போரும் உண்டு. அதன் மேற்புறத்தை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. மழை ஒழுகும் நாளில்தான் கூரை என ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது. ஐரோப்பாவின் பேராலயங்கள் பலவற்றை நூற்றாண்டுகள்தோறும் மழையினின்றும் பனியினின்றும் காத்து வந்தது காரீயம் என்னும் எளிய உலோகம். பொன்னைப் போல் அது போற்றப்படவில்லை. அதைக் கையாண்ட தொழிலாளரோ அதனினும் குறைவாகவே போற்றப்பட்டனர். அந்த உலோகத்தின் கதையையும் அந்தக் கைகளின் கதையையும் இங்கே சற்று நினைந்து பார்ப்போம்.

தமிழில் ஈயம் என்னும் சொல் இரு உலோகங்களைச் சுட்டும். பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசப்படுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பாவதும் வெள்ளீயம். கூரைக்கு உரியது காரீயம். இது தண்ணீரைப் போல் பதினொரு மடங்கிற்கும் மேல் கனமானது. ஆனால் கத்தியால் வெட்டக்கூடிய அளவு மென்மையானது. 327 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். ஈரக் காற்றுப் பட்டவுடன் அதன்மேல் சாம்பல் நிறப் படலம் ஒன்று படிந்து, உள்ளிருக்கும் உலோகத்தை அரிக்காமல் காக்கிறது. இலத்தீன் மொழியில் காரீயத்திற்குப் 'பிளும்பும்' என்று பெயர். நம் வீட்டுக் குழாயைப் பழுது பார்க்க வருபவரைப் 'பிளம்பர்' என்கிறோமே, அச்சொல்லின் முதற்பொருள் காரீயத் தொழிலாளி என்பதே. குழாயும் கூரையும் ஒரே கையின் வேலையாக இருந்த காலத்தின் எச்சம் அது.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரத்தில் லிண்டிஸ்பார்ன் என்றொரு சிறு தீவு உண்டு. ஏழாம் நூற்றாண்டில் ஆயர் பினான் அங்கே எழுப்பிய ஆலயம் கருவாலி மரத்தாலானது. அதன் கூரை நாணலால் வேயப்பட்டது. பின்வந்த ஆயர் எட்பெர்ட் (688–698) நாணலை அகற்றிவிட்டு, கூரையை மட்டுமன்றிச் சுவர்களையும் காரீயத் தகடுகளால் மூடினார். 731-இல் தம் திருச்சபை வரலாற்று நூலை எழுதி முடித்த புனித பீடு இதைக் குறித்து வைத்துள்ளார். கீற்றுக் கொட்டகையாய்த் தொடங்கி, ஓடு வேய்ந்து, பின்னர் தளம் போட்ட ஆலயங்களை அறிந்த நமக்கு, அவர் அந்தச் சிறு செய்தியை ஏன் எழுதினார் என்பது விளங்கும். கூரை மாறுவது வெறும் கட்டட வேலை அன்று. 'இனி இவ்விடத்திலேயே வாழ்வோம், இங்கேயே வழிபடுவோம்' என்று ஒரு மக்கள் குழு முடிவு செய்துவிட்டதன் அடையாளம் அது.

காரீயக் கூரை எவ்வாறு உருவாகிறது? நீண்டதொரு மேடையின்மேல் ஈர மணலைப் பரப்பித் தட்டிச் சமன் செய்வர். உருக்கிய காரீயத்தை மேடையின் ஒரு தலையில் ஊற்றியவுடன், இருபுறமும் நிற்கும் இருவர் ஒரு மரச் சட்டத்தை மேடையின் விளிம்புகள்மீது வைத்து மறுதலை வரை விரைந்து இழுத்துச் செல்வர். சட்டத்திற்கும் மணலுக்கும் இடையே உள்ள இடைவெளியே தகட்டின் கனம். சில நொடிகளில் இவ்வளவும் முடிந்துவிட வேண்டும். ஒருவர் தயங்கினாலும், மற்றவர் முந்தினாலும் தகடு பழுதாகிவிடும். மீண்டும் உருக்க வேண்டியதுதான். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்கும் முறை வந்தது. ஆயினும் பழம்பெரும் ஆலயங்கள் பலவற்றிற்கு இன்றும் மணல் வார்ப்புத் தகடே விரும்பப்படுகிறது.

வார்ப்பதைவிட வேய்வது கடினம். வெயிலில் காரீயம் இரும்பைப் போல் இரு மடங்கிற்கு மேல் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. பெரிய தகடொன்றை நான்கு பக்கமும் ஆணியடித்து இறுக்கினால், சில ஆண்டுகளில் அது வெடித்துவிடும். எனவே தகடுகளைச் சிறிதாக வெட்டி, தலைப்பக்கத்தை மட்டும் ஆணியால் நிறுத்தி, பக்க விளிம்புகளை உருண்டையான மரச் சட்டங்களின்மேல் ஒன்றன்மீது ஒன்றாக மடித்துவிடுவர். அசைய இடம் தந்தால்தான் அது நிலைக்கும் என்பது இத்தொழிலின் முதற் பாடம். மூலைகளிலும் வளைவுகளிலும் தகட்டை வெட்டாமல், மரச் சுத்தியாலும் மரக் கட்டைகளாலும் மெல்லத் தட்டித் தட்டி வடிவம் கொடுப்பர். உலோகம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எங்கும் மெலிந்துவிடக் கூடாது. இதை ஏட்டில் படித்துக் கற்க இயலாது. ஆசானின் அருகில் ஆண்டுக்கணக்கில் நின்று, கைதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

தட்டிச் சேர்க்க இயலாத இடங்களில் பற்றவைக்க நேரும். வெள்ளீயம் கலந்த பற்றாசு இடுவது பழைய வழக்கம். ஆனால் பற்றாசும் காரீயமும் வெப்பத்தில் ஒரே அளவில் விரிவதில்லை. ஆதலால் இணைப்பு நாளடைவில் விரிசலுறும். காரீயத்தைக் காரீயத்தாலேயே இணைப்பதே உறுதியான வழி. விளிம்புகள் உருகும்வரை அவற்றின்மேல் கொதிக்கும் காரீயத்தை ஊற்றி முற்காலத்தில் இதைச் செய்தனர். 1746-இல் பர்மிங்காமில் ஜான் ரோபக் என்பவர் காரீய அறைகளில் கந்தக அமிலம் தயாரிக்கத் தொடங்கினார். அவ்வமிலம் காரீயத்தை அவ்வளவாக அரிக்காது, பற்றாசையோ தின்றுவிடும். எனவே பற்றாசில்லா இணைப்பின் தேவை பெருகிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹைட்ரஜன் சுடரை ஊதும் குழல் வந்தபின் கூரைத் தொழிலாளரும் அதைக் கைக்கொண்டனர். இரும்பு உருகுமுன் சிவந்து நம்மை எச்சரிக்கும். காரீயம் அவ்வாறு சிவப்பதில்லை. மேற்பரப்பு கண்ணாடிபோல் மின்னும் அக்கணத்திலேயே சுடரை நகர்த்த வேண்டும். அரை நொடி தாமதித்தால் தகட்டில் ஓட்டை விழுந்துவிடும்.

இத்துணை நுட்பமான வேலையைச் செய்தோரின் பெயர்கள் ஆலயக் கல்வெட்டுகளில் அரிதாகவே காணப்படுகின்றன. ஆனால் இங்கிலாந்தின் பழைய பங்கு ஆலயங்களின் கூரைகளில் ஒரு விந்தையைக் காணலாம். கூரைமேல் ஏறியவர்கள் தம் காலணியைத் தகட்டின்மேல் வைத்து, அதன் விளிம்பைச் சுற்றிக் கீறி, உள்ளே பெயரின் முதலெழுத்துகளையும் ஆண்டையும் பொறித்திருக்கின்றனர். பழைய கூரையை உருக்கும்போது அப்பகுதிகளை மட்டும் வெட்டியெடுத்து ஆலயத்தினுள் காப்போரும் உண்டு. தம் சொற்கள் இரும்பு எழுத்தாணியாலும் ஈயத்தாலும் பாறையில் பொறிக்கப்படாதா என்று துயரின் நடுவே யோபு ஏங்கினார் அன்றோ? மனிதர் எவரும் பாராத உயரத்தில் தம் காலடியை வரைந்து வைத்தவர்களின் உள்ளத்திலும் அத்தகைய ஏக்கமே இருந்திருக்கும் போலும்.

காரீயத்தின் பயனே சில வேளைகளில் ஆலயங்களுக்கு அழிவாயிற்று. 1536 முதல் 1540 வரை மன்னர் எட்டாம் ஹென்றி இங்கிலாந்தின் துறவு மடங்களைக் கலைத்தபோது, அரசு அதிகாரிகள் முதலில் நாடியவற்றுள் ஒன்று கூரைக் காரீயம். யார்க்ஷயரில் 1132-இல் தோன்றிய ரீவோ மடம் 1538 டிசம்பரில் மூடப்பட்டது. கூரைத் தகடுகள் உரிக்கப்பட்டு, ஆலய மரங்களையே விறகாக்கி உருக்கப்பட்டு, அரச முத்திரையிட்ட பாளங்களாயின. கூரை இழந்த சுவர்களை மழையும் உறைபனியும் தின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிபாடுகளை அகற்றியபோது, விழுந்த கற்களின் அடியில் எவரும் எடுத்துச் செல்லாத பாளங்கள் கிடைத்தன. அக்காரீயம் யார்க் பேராலயத்தின் 'ஐந்து சகோதரியர்' என்னும் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சாளரத்தின் கண்ணாடிகளைப் பிணைக்கப் பயன்பட்டது. முதல் உலகப் போரில் உயிர்நீத்த பெண்களின் நினைவாக அச்சாளரம் 1925-இல் மீண்டும் திறக்கப்பட்டது. கொள்ளையிடப்பட்ட கூரை, நானூறு ஆண்டுகளுக்குப் பின் ஒளி புகும் சாளரமாய் உயிர்த்தது எனலாம்.

இவ்வரலாற்றிற்கு இன்னொரு முகமும் உண்டு. அதை மறைத்தல் நேர்மையன்று. காரீயம் நஞ்சு. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே உரோமைக் கட்டடக் கலைஞர் வித்ருவியுஸ், காரீயத் தொழிலாளரின் வெளிறிய நிறத்தைச் சுட்டிக்காட்டி, அதன் ஆவி உடலின் வலிமையைப் பறிக்கிறது என்று எச்சரித்தார். 1700-இல் தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தனி நூலே எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமத்சினி, காரீயத்தைக் கையாளும் குயவர்களின் கைகள் நடுங்கிச் செயலிழப்பதைப் பதிவு செய்தார். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் குன்றச் செய்கிறது என்பதும், தீங்கற்றது எனத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதும் இன்றைய மருத்துவத்தின் முடிவு. பேராலயங்களின் கூரைக்கு விலையாகக் கொடுக்கப்பட்டவற்றுள் தொழிலாளரின் உடல்நலமும் ஒன்று. அந்தக் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை.

2019 ஏப்ரல் 15 அன்று மாலை பாரிசு நகரின் நோத்ருதாம் பேராலயம் தீப்பற்றி எரிந்தபோது, இக்கணக்கு உலகின் கண்முன் வந்து நின்றது. கூரையிலும் கோபுரத்திலும் இருந்த காரீயம் 400 டன்னுக்கும் மேற்பட்டது. ஒரு பகுதி உருகி வழிந்தது. ஒரு பகுதி தூசியாய்ச் சுற்றுப்புறத்தில் படிந்தது. அவ்வாண்டு ஜூலை இறுதியில் பணிகள் நிறுத்தப்பட்டு, தொழிலாளர்க்குக் குளியலறைகளும் பாதுகாப்பு உடைகளும் முறைப்படுத்தப்பட்ட பின்னரே ஆகஸ்டில் தொடங்கின. பேராலயத்தை முன்பிருந்தவாறே காரீயத்தால் வேய்வது என 2020-இல் முடிவாயிற்று. மரபைக் காக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். குழந்தைகளையும் தொழிலாளரையும் காக்க வேண்டும் என்றனர் மறு சாரார். 2024 டிசம்பர் 7 அன்று பேராலயம் புதிய காரீயக் கூரையுடன் திறக்கப்பட்டது. மறுநாள் புதிய பலிபீடம் அர்ச்சிக்கப்பட்டது. இரு சாராரும் பொருளற்ற எதையும் பேசவில்லை என்றே நாம் கருதுகிறோம். எனினும், ஆலயத்தின் அழகிற்காக ஒரு தொழிலாளியின் கை நடுங்க நேருமாயின், அவ்வழகில் ஏதோ ஒன்று குறைந்தே நிற்கும்.

அக்கோபுரத்தின் அடியில் பன்னிரு திருத்தூதரின் செம்புச் சிலைகள் நின்றிருந்தன. பழுதுபார்ப்பிற்காகத் தீ விபத்திற்கு நான்கு நாள்களுக்கு முன் இறக்கப்பட்டதால் அவை தப்பின. மற்றவர் நகரை நோக்கியிருக்க, புனித தோமையார் மட்டும் அளவுகோலைக் கையிலேந்திக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார். கோபுரத்தை 1859-இல் கட்டி முடித்த வியோலே-லெ-துக் என்னும் கலைஞரின் முகச்சாயல் அச்சிலைக்கு உண்டு. மயிலையில் நாம் வணங்கும் தோமையார் கட்டடக் கலைஞரின் பாதுகாவலர் ஆனது எவ்வாறு? அவரைப் பற்றிய பழைய மரபு நூலொன்று கூறுவது இது: அரண்மனை கட்டுமாறு அரசன் கொடுத்த பொருளையெல்லாம் அவர் ஏழைகளுக்கு ஈந்துவிட்டார், அரண்மனை எங்கே என்று அரசன் சினந்து கேட்டபோது, அது விண்ணகத்தில் கட்டப்பட்டுவிட்டது என்றார்.

நம் பங்குகளிலும் ஆலயங்கள் எழுகின்றன. அர்ச்சிப்புக் கல்வெட்டில் ஆயர், பங்குத்தந்தை, நன்கொடையாளர் ஆகியோரின் பெயர்கள் பொறிக்கப்படுகின்றன, அது முறையே. கொத்தனாருக்கும், சித்தாளுக்கும், சாரத்தின் உச்சியில் நின்று பற்றவைத்தவருக்கும் அங்கே ஒரு வரி ஒதுக்குவது அரிதன்று. அவர்கள் சாரம் ஏறும் நாளில் இடைவாரும் தலைக்கவசமும் தந்தோமா, தவறி விழுந்தால் அவர்கள் குடும்பத்திற்குப் பொறுப்பு யார் என்று கட்டடக் குழுவினர் முதற் கூட்டத்திலேயே கேட்பது அதனினும் முதன்மையானது. தோமையாரின் அளவுகோல் அதையும் சேர்த்தே அளக்கும்.