கரிசல் மண்ணும் கடல் கடந்த கல்வியும்

ஐப்பசி மழைக்குப் பின் கோவில்பட்டிப் பக்கத்துக் காடுகளில் நடந்தவர்கள் அறிவார்கள்: கரிசல் மண் காலைப் பற்றிக்கொண்டால் எளிதில் விடாது. கோடையிலோ அதே மண் ஆழமாக வெடித்துக் கிடக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். வானம் பார்த்த இந்தப் பூமிக்கும் உலகப் பல்கலைக்கழகங்களுக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் வியக்கலாம். உறவு உண்டு. அதன் வரலாற்றில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமும் உண்டு.

பல்கலைக்கழகங்கள் கைகோப்பதற்கு நெடுங்காலம் முன்பே பயிர்களும் சொற்களும் கடல் கடந்துவிட்டன. தென்பாண்டிச் சீமையின் வறண்ட நிலத்தில் விளைந்து, 'திருநெல்வேலி சென்னா' என்ற பெயரில் உலகச் சந்தைக்குச் செல்லும் நிலாவாரை, அரபு மண்ணுக்கும் உரிய செடி. அரபியர் அதை 'ஸனா' என்பர். பருத்தியைக் குறிக்கும் 'குத்ன்' என்னும் அரபுச் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் 'காட்டன்' என்றும் 'அல்கொதோன்' என்றும் உருமாறிற்று.

பொருளோடு அறிவும் பயணம் செய்தது. 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் ஸெவில் நகரைச் சார்ந்து வாழ்ந்த இப்னுல் அவ்வாம், முன்னோர் பலரின் வேளாண் நூல்களைத் திரட்டிக் 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் பெருநூலை இயற்றினார். திரட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. தம் ஊர் நிலத்தில் பயிரிட்டும் சோதித்தார். பிறரிடம் கற்பதும், கற்றதைத் தன் மண்ணில் உரைத்துப் பார்ப்பதும் ஆகிய இவ்விரண்டும் சேர்ந்ததே கல்வி உறவு. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கரிசலின் கதையைப் பார்ப்போம்.

1840-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கப் பருத்திப் பண்ணையாளர் சிலரை இந்தியாவுக்கு அழைத்து வந்தது. இங்கிலாந்து ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி வேண்டும் என்பதே நோக்கம். தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட்டின் மேற்பார்வையில் கோயம்புத்தூரில் சோதனைகள் நடந்தன. திருநெல்வேலிச் சீமையிலும் முயன்றனர். அறிவுக்கும் முயற்சிக்கும் குறைவில்லை. ஆயினும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ஆலைக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்களேயன்றி, இந்த மண்ணுக்கும் பருவத்துக்கும் எது ஒத்துவரும் என்ற கேள்வியை முதலில் வைக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு ஓர் இடம் 1901-ஆம் ஆண்டில் கிடைத்தது. கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை அந்த ஆண்டில்தான் தொடங்கியது. இன்று அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம். உழவர் காடுகளில் உப்பமும் கருங்கண்ணியும் கலந்து விளைந்துகொண்டிருந்தன. புது விதையை மட்டும் நாடாமல், உழவர் கையிலிருந்த கருங்கண்ணியிலேயே நல்லதைத் தேர்ந்து, தூய விதையாக்கித் திருப்பிக் கொடுக்கும் பணி இங்கே நடந்தது. கே-7, கே-8 என்று கோவில்பட்டியின் முதலெழுத்தைத் தாங்கிய பருத்தி வகைகள் அப்பணியின் தொடர்ச்சி.

நாடு விடுதலை பெற்ற பின் உறவின் தன்மை மாறியது. 1950-களின் நடுவிலிருந்து அமெரிக்காவின் நிலக்கொடைப் பல்கலைக்கழகங்கள் இந்திய வேளாண் கல்விக்குத் துணை நின்றன. தென்னிந்தியப் பகுதிக்கு டென்னஸி பல்கலைக்கழகம் வந்தது. வகுப்பறை, ஆராய்ச்சி, உழவரிடம் கொண்டு சேர்த்தல் ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்தின் கடமை என்பதே அவர்கள் கொணர்ந்த கருத்து. 1868-இல் சைதாப்பேட்டையில் பள்ளியாகப் பிறந்து, 1906-இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்த கல்லூரி, 1971-இல் பல்கலைக்கழகமாக மலர்ந்தது.

1970-இல் கனடா நாட்டின் ஒத்துழைப்போடு அனைத்திந்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சித் திட்டம் உருவாயிற்று. கோவில்பட்டியும் அதன் மையங்களுள் ஒன்றாயிற்று. 1972-இல் ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், வறண்ட வெப்பமண்டலப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனமாகிய இக்ரிசாட் எழுந்தது. மழைக்கு முன்பே விதைத்தல், விதையைக் கடினப்படுத்துதல், பகுதிப் பாத்தி கட்டுதல், பண்ணைக் குட்டை வெட்டுதல் போன்ற முறைகள் கரிசலுக்கேற்பச் சோதிக்கப்பட்டு உழவருக்குப் பரிந்துரைக்கப்பட்டன. ஓரிடத்தில் கண்ட முடிவு இன்னோரிடத்துக்குச் செல்வதும், அங்கே பொருந்தாததைத் தள்ளிப் பொருந்துவதைக் கொள்வதும் இந்த வலையமைப்பின் பயன்.

ஆனால், கொடுக்கல் வாங்கல் என்று வந்தால் கணக்கும் வேண்டுமல்லவா? சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை முதலியவற்றின் விதை மாதிரிகள் இலட்சத்துக்கும் மேலாக இக்ரிசாட் விதை வங்கியில் உள்ளன. 2008-இல் திறக்கப்பட்ட நார்வே நாட்டு ஸ்வால்பார்ட் பனிக் காப்பகத்திலும் அவற்றின் மறுபடிகள் உண்டு. பஞ்சத்திலும் விதைக் குதிரைக் காலிசெய்யாமல் காத்த குடும்பங்களின் பெயர்கள் எந்த ஏட்டில் உள்ளன? இக்கேள்விக்கு விடையாகவே 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பயிர் வளம் காத்த உழவரின் பங்கை ஒப்புக்கொண்டது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் வழிநடத்திய கூட்டுத் திட்டத்தில் கோவைப் பல்கலைக்கழகமும் பங்கேற்ற பி.டி. கத்தரி முயற்சி, 2010-இல் மைய அரசின் தடையால் நின்றது. அதைப் பற்றிய கருத்துகள் பலவாகலாம். உண்பவரையும் உழுபவரையும் கேளாமல் ஆய்வகங்கள் மட்டும் உடன்பட்டால் போதாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

கேட்கத் தெரிந்த பல்கலைக்கழகத்துக்கும் இதே மண்ணில் சான்றுண்டு. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலின் விவசாயி கி. ராஜநாராயணன், கல்லூரி வாசலை மிதிக்காதவர். கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதி தந்தார். அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்துப் பேராசிரியராக அமர்த்தியது. கல்வி, மக்களிடம் போய்க் கற்றுக்கொண்ட நாள் அது.

நம் வீட்டுப் பிள்ளைகள் கடல் கடந்து படிக்கச் செல்வது இன்று புதுமையன்று. மருத்துவமும் பொறியியலும் நமக்குத் தெரிந்த அளவுக்கு, இதே தூத்துக்குடி மாவட்டத்துக் கிள்ளிகுளத்தில் ஒரு வேளாண் கல்லூரி இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிள்ளைகள் எங்கும் சென்று கற்கட்டும். திரும்பி வரும்போது பட்டத்தோடு, 'இது எங்கள் மண்ணுக்குப் பொருந்துமா?' என்னும் கேள்வியையும் கொண்டு வரட்டும். கரிசல் காட்டு உழவர் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருக்கிறார். விடையில் பாதி அவர் கையிலேயே இருக்கிறது.