வெயிலுக்கும் ஒரு பேரேடு



இந்த இதழ் உங்கள் கைபேசிக்கு வந்து சேரும்போது ஏப்ரல் பிறந்திருக்கும். சாயங்காலம் பார்க் பெஞ்சில் இப்போதே வெயிலைப் பற்றித்தான் பேச்சு. பி பிளாக்கில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும், டி பிளாக்கில் இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவரும் நம் குடியிருப்பின் வானிலை ஆர்வலர்கள். காற்று எந்தத் திசை, வங்கக் கடலில் ஏதாவது சுழல் தெரிகிறதா, மே மாதம் வெப்ப அலை வருமா என்று இருவருக்கும் தினமும் வாக்குவாதம். நடுவில் உட்கார்ந்து கேட்பது என் வேலை.

வங்கியில் 35 வருஷம் கணக்கு எழுதியவனுக்கு ஒரு பழக்கம் போகாது. யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அது எந்தப் புத்தகத்தில், யார் கையால், எத்தனை மணிக்கு ஏறியது என்று கேட்கத் தோன்றும். "நேற்று 41 டிகிரி" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அந்த 41ஐ எழுதியது யார்? எங்கே வைத்து அளந்தார்கள்? இதைத் தேடிப் படிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. கடைசியில் நம் குடியிருப்பைப் பற்றியும் ஒரு விஷயம் இருக்கிறது. அதுவரை பொறுமையாகப் படியுங்கள்.

ஆர்வலர் ஒருவர் போட்ட பிள்ளையார் சுழி

நம் ஊரில் வானத்தைக் கருவி வைத்துக் கவனிக்கும் வேலை ஒருவரின் பொழுதுபோக்காகத்தான் தொடங்கியது. வில்லியம் பெட்ரி கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. அலுவலக நேரம் போக அவருக்கு நாட்டம் நட்சத்திரங்களில். 1786இல் எழும்பூரில் தன் சொந்தச் செலவில் இரும்பும் மரமும் கொண்டு ஒரு சிறிய வானாய்வுக் கூடம் கட்டிக்கொண்டார். பிறகு அதைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. மைக்கேல் டாப்பிங் முன்னின்று கட்டிய புதிய கூடம் 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. கருவியைத் தாங்குவதற்காக நிறுத்திய 15 அடி உயரக் கருங்கல் தூண் இன்றும் அந்த வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

கம்பெனிக்கு வேண்டியிருந்தது வெயில் கணக்கு அல்ல. கப்பல் ஓட்டவும் நிலம் அளக்கவும் சரியான நேரமும் தீர்க்கரேகையும் வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் நட்சத்திரம் பார்த்தவர்கள் பக்கத்திலேயே வெப்பமானியையும் பாரமானியையும் வைத்துக்கொண்டார்கள். 1796 முதல் சென்னையில் வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன. வங்கி மொழியில் சொன்னால், நம் ஊர் வெயிலுக்கு அன்று கணக்குத் திறந்தாயிற்று.

அந்தக் காலத்து வானியலர் ஜான் கோல்டிங்ஹாமைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிப்பார்கள். வெளிச்சம் தெரிந்த நொடிக்கும் ஓசை காதில் விழுந்த நொடிக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று அவர் 1820, 1821 ஆண்டுகளில் திரும்பத் திரும்பக் குறித்து, ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். ஒவ்வொரு முறையும் காற்றின் வெப்பத்தையும் சேர்த்தே எழுதினார். ஏனென்றால் காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும். மே மாத பீரங்கியும் டிசம்பர் பீரங்கியும் நுங்கம்பாக்கத்துக்கு ஒரே நேரத்தில் கேட்காது.

இன்னொரு பெயர் எலிசபெத் ஐசிஸ் போக்சன். 1861 முதல் இங்கே அரசு வானியலராக இருந்த நார்மன் போக்சனின் மகள். அப்பாவுக்கு உதவியாளராகச் சேர்ந்தவர், 1881இல் சென்னை அரசின் வானிலைக் கண்காணிப்பாளர் ஆனார். நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இது. இதற்கிடையே 1875இல் நாடு முழுவதற்குமான இந்திய வானிலைத் துறை உருவானது. 1899இல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்குப் போனது. வானிலைப் பதிவு மட்டும் நுங்கம்பாக்கத்திலேயே தங்கிவிட்டது.

எண் பிறக்கும் பெட்டி

இப்போது அந்த 41 டிகிரிக்கு வருவோம். அதை அளக்கும் இடம் ஒரு வெள்ளை மரப்பெட்டி. நான்கு பக்கமும் சாய்ந்த பட்டைகள் வைத்து, காற்று உள்ளே போய் வரும்படியும் வெயில் நேராகப் படாதபடியும் செய்திருப்பார்கள். ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். தரையிலிருந்து சுமார் நான்கு அடி உயரத்தில், திறந்த வெளியில், புல் தரையின் மேல் நிற்கும். உள்ளே நான்கு வெப்பமானிகள்: சாதாரணமானது ஒன்று, ஈரத்துணி சுற்றியது ஒன்று, அன்றைய உச்சத்தைக் காட்டுவது ஒன்று, குறைந்த அளவைக் காட்டுவது ஒன்று. காலை 8.30க்கும் மாலை 5.30க்கும் ஆள் போய்ப் பார்த்து எழுதுவது வழக்கம்.

ஆகவே செய்தியில் வரும் எண் நிழலில், நல்ல காற்றோட்டத்தில், புல்லின் மேல் எடுத்த எண். நம் ஊரையும் வேலூரையும் டெல்லியையும் ஒப்பிட வேண்டுமென்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அளக்க வேண்டும், அதற்காக அப்படி. அது சரியான முறைதான். ஆனால் வெயிலில் நிற்கிறவனுக்கு அந்த எண் சொந்தம் இல்லை. அவன் படும் சூடு அந்தப் புத்தகத்தில் ஏறுவதே இல்லை.

வெப்ப அலை என்பதற்கும் வரையறை உண்டு. கடலோர ஊர்களுக்கு, இயல்பான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும், வெப்பம் 37க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். ஒரு நிலையத்தில் ஒரு நாள் அப்படி இருந்தால் போதாது. குறைந்தது இரண்டு நிலையங்களில், இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால்தான் அறிவிப்பார்கள். மே மாதத்தில் சென்னையின் இயல்பு உச்சம் 37ஐ ஒட்டி. கூட்டிப் பாருங்கள், 41.5 வருகிறது. அதனால்தான் 40 டிகிரியில் நாம் வெந்து போகும்போதும் "வெப்ப அலை" என்ற அறிவிப்பு வராமல் இருக்கும்.

கத்திரியும் கடற்காற்றும்

நம் பெரியவர்கள் மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம் என்று கணக்கு வைத்தார்கள். கத்திரி கழிந்தால் வெயில் தணியும் என்பது நம்பிக்கை. சென்னையைப் பொறுத்தவரை இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் 24 வாக்கில். அன்று நண்பகலில் நிழல் காலடியிலேயே விழும். ஆனால் ஊர் உச்சமாகக் கொதிப்பது பல ஆண்டுகளில் மே கடைசியில், சில சமயம் ஜூன் தொடக்கத்தில்.

காரணம் காற்று. சாதாரண நாளில் நண்பகல் வாக்கில் கடற்காற்று உள்ளே வந்து வெப்பம் ஏறுவதைத் தடுத்துவிடும். மே கடைசியில் மேற்குக் காற்று வலுக்கும். காய்ந்த நிலத்தின் மேல் தவழ்ந்து வரும் அந்தச் சூடான காற்று, கடற்காற்றை இரண்டு மணி, மூன்று மணி வரை கரையிலேயே நிறுத்தி வைக்கும். அந்த இரண்டு மணி நேரத் தாமதத்தில் ஊர் 40ஐத் தாண்டிவிடும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் மீனம்பாக்கம் பல நாட்களில் நுங்கம்பாக்கத்தைவிட அதிகம் காட்டுவதும் இதனால்தான். நம் ஆசிரியரும் மாணவரும் "இன்னும் கடற்காற்று வரவில்லை" என்று மொட்டை மாடியில் காத்திருப்பது வெறும் விளையாட்டு இல்லை என்று இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

2003 இதற்கு உதாரணம். அந்த மே மாதம் வங்கக் கடலில் உருவான புயல், இலங்கையில் பெருவெள்ளத்தை உண்டாக்கிவிட்டு மியான்மர் பக்கம் போய்விட்டது. நமக்கு மிஞ்சியது மேற்குக் காற்று. மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. ஆந்திராவில் அந்தக் கோடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்த நாட்களில் நான் ஒரு கிளையில் கவுன்ட்டரில் இருந்தேன். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், நகைக்கடன் கூட்டம். நகையை மீட்க வந்த பெரியவர் ஒருவர் டோக்கனைக் கையில் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். வெயிலில் வெகுதூரம் நடந்து வந்திருக்கிறார். தண்ணீர் கொடுத்து, விசிறி, ஆட்டோவில் அனுப்பி வைத்தோம். மாலையில் கணக்கு காசு பிசகாமல் சரியாக வந்தது. அன்றைய டே புக்கில் அவர் கட்டிய வரவு இருக்கும். அவர் விழுந்தது எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

ஒத்துப் பார்த்தபோது தெரிந்தது

இது ஒரு கிளையின் கதை மட்டும் அல்ல. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரி வரை போனது. வெயிலால் இறந்தவர்கள் என்று அப்போது எழுதப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பிறகு ஆய்வாளர்கள் நகரத்தின் இறப்புப் பதிவேட்டை எடுத்து, அந்த மாதத்தை முந்தின, பிந்தின ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். 1,300க்கும் மேற்பட்ட மரணங்கள் கூடுதலாக இருந்தன. வெயில் தானாக வந்து கையெழுத்துப் போடுவதில்லை. மாரடைப்பு, சிறுநீரகம், முதுமை என்று வேறு தலைப்புகளில் அது பற்று எழுதிவிட்டுப் போய்விடுகிறது.

அந்தக் கணக்குதான் 2013இல் அகமதாபாத்தை வெப்பச் செயல் திட்டம் போட வைத்தது. தெற்காசியாவில் ஒரு நகரம் இப்படிச் செய்தது அதுவே முதல் முறை. முன்னறிவிப்பை வண்ணம் பிரித்து மக்களுக்குச் சொல்வது, மருத்துவமனைகளைத் தயார் செய்வது, வெளியில் வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீரும் நிழலும் கிடைக்கச் செய்வது என்று எல்லாமே எளிய காரியங்கள். நம் தமிழ்நாடு அரசும் 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு.

நம் வாசலில்

இனி நம் விஷயம். போன மே மாதம் நம் புகார் புத்தகத்தில், பகல் காவலர் பிற்பகலில் இருக்கையில் இருப்பதில்லை என்று ஐந்தாறு பேர் எழுதியிருந்தோம். அதில் ஒரு கையெழுத்து என்னுடையது.

மாணவர்தான் ஒரு யோசனை சொன்னார். ஒரே மாதிரி இரண்டு வெப்பமானிகள் வாங்கி, ஒன்றை ஏ பிளாக் வேப்பமர நிழலிலும் இன்னொன்றை மெயின் கேட் காவலர் அறைக்குள்ளும் தொங்கவிட்டோம். ஒரு வாரம் பிற்பகல் மூன்று மணிக்கு ஆசிரியர் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். தகரக் கூரை, மேற்குப் பார்த்த கண்ணாடி. ஒவ்வொரு நாளும் மர நிழலைவிட அறைக்குள் நான்கு டிகிரிக்குக் குறையாமல் அதிகம். காவலரிடம் கேட்டேன். "உள்ள உக்காந்தா அடுப்புல உக்காந்த மாதிரி இருக்கு சார். அதான் சுவரோரம் போய் நிக்கிறேன். கேட் என் கண்ணுல இருந்து தப்பாது" என்றார்.

நான் புகார் எழுதியபோது என் வீட்டில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் புகாருக்குக் கீழேயே, அதைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இந்த மாதப் பொதுக்கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் வைக்கிறேன். ஒன்று, காவலர் அறையின் தகரக் கூரைக்கு மேல் கீற்றும் உட்புறத் தடுப்பும் போட வேண்டும். இரண்டு, ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை 11 முதல் மாலை 4 வரை காவலரின் நாற்காலி போர்ட்டிகோ நிழலுக்கு வர வேண்டும். மூன்று, கேட்டில் மண்பானைத் தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் எப்போதும் இருக்க வேண்டும். அது காவலருக்கு மட்டுமல்ல. இஸ்திரி போடுகிறவர், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், பார்சல் கொண்டு வரும் பிள்ளைகள் எல்லாருக்கும். உத்தேசச் செலவைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். நம் மாதப் பராமரிப்புத் தொகையைக் கூட்ட வேண்டிய அவசியம் இல்லை.

இதோடு நான்காவதாக ஒன்று, இதற்குத் தீர்மானம் வேண்டாம். இந்தக் கோடை முழுவதும் அந்த இரண்டு வெப்பமானிகளையும் தினமும் மூன்று மணிக்குப் பார்த்து எழுதப் போகிறேன். நீள நோட்டு ஒன்று வாங்கி, தேதி, மர நிழல், காவலர் அறை, குறிப்பு என்று நான்கு பத்தி கட்டம் போட்டு வைத்தாயிற்று. நான் ஊருக்குப் போகும் நாட்களில் எழுத ஒருவர் வேண்டும். முன்வருகிறவர்கள் பார்க் பெஞ்சில் என்னைப் பாருங்கள்.