காத்திருப்பின் வரலாறு: குவாட்டர்பேக் உருவாக்கமும் ஊதிய அரசியலும்

அமெரிக்கக் கால்பந்தில் அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவாட்டர்பேக் பிறக்கிறாரா, உருவாக்கப்படுகிறாரா என்னும் வினாவை அணிகளின் வரலாற்றில் வைத்தே ஆராய வேண்டும்.

2002இல் களம் புகுந்த புதிய அணியான ஹூஸ்டன் டெக்சன்ஸ், வீரர் தேர்வில் முதலாவதாக டேவிட் காரைப் பெற்று, முதல் ஆட்டத்திலேயே இறக்கியது. அவரைக் காக்க வேண்டிய முன்வரிசை வலுவற்றிருந்தது. அப்பருவத்தில் பந்தை எறியுமுன்னே அவர் 76 முறை வீழ்த்தப்பட்டார். அவ்வெண்ணிக்கை இன்றும் முறியடிக்கப்படவில்லை. மாறாக, 2005இல் 24ஆவது தேர்வாக கிரீன் பே சேர்ந்த ஆரன் ராட்ஜர்ஸ், பிரெட் ஃபாவ்ரின் நிழலில் மூன்று பருவங்கள் காத்திருந்து 2008இல் பொறுப்பேற்றார்; 2011 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்றார்.

எனினும், காத்திருப்பே மருந்து எனத் துணிதல் பிழை. 1998இல் முதலாண்டிலேயே ஆடிய பெய்ட்டன் மேனிங் எறிந்த 28 பந்துகள் எதிரணியினர் கைப்பட்டன. அணிக்குக் கிடைத்தவை 3 வெற்றிகள். மறு ஆண்டு அதே அணி 13 ஆட்டங்களில் வென்றது. பிழை செய்து கற்க அவருக்கு இடமிருந்தது.

அந்த இடத்தைச் சுருக்கியதில் ஊதிய முறைக்கும் பங்குண்டு. 2010இன் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதியளிக்கப்பட்ட தொகை மட்டும் 5 கோடி டாலர். 2011இன் கூட்டு ஒப்பந்தம் புதியவர் ஊதியத்துக்கு வரம்பிட்டது. அவ்வாண்டின் முதல் தேர்வான கேம் நியூட்டனின் நான்காண்டு ஒப்பந்தம் ஏறத்தாழ 2.2 கோடி. மலிவான அவ்வாண்டுகளைக் காத்திருப்பில் கழிப்பது அணிகளுக்கு இழப்பாகத் தோன்றலாயிற்று. 2017இல் பாட்ரிக் மஹோம்ஸை ஏறத்தாழ ஒரு பருவம் முழுதும் அமரவைத்த கான்சஸ் சிட்டி அப்போக்குக்கு விலக்கு.

76 என்னும் எண் டேவிட் காரின் பெயரிலேயே ஏட்டில் நிற்கிறது. அவரைத் தாங்கத் தவறிய அமைப்பின் பெயரில் அன்று.