திரைவழி இலத்தீனும் வாசிப்புக்கான சான்றும்

நுழைவுக்கு இலத்தீன் கட்டாயம் என்ற விதியை ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் 1960-இல் கைவிட்டன. அதன்பின் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் அம்மொழி தேய்ந்தது. கட்டணப் பள்ளிகளில் நிலைத்தது. பண்டைக் கிரேக்கத்தின் நிலை இன்னும் மோசம். ஆசிரியரே இல்லாத ஊரில் வாழும் 14 வயதுப் பிள்ளைக்கு இணையவழி வகுப்பு இம்மொழிகளை எட்ட வைக்கிறது என்பதில் ஐயமில்லை. எட்டிய மொழியைப் பிள்ளை வாசிக்கிறதா என்பதை எதைக் கொண்டு அறிவது?

எழுத்து விடை அதற்குப் போதிய சான்றன்று. 'புயெரும் கானிஸ் மோர்தெத்' என்றால் 'சிறுவனை நாய் கடிக்கிறது'. தமிழருக்கு இவ்வரிசையில் வியப்பில்லை. நம் இரண்டாம் வேற்றுமை உருபும் இறுதியில் நிற்கும் வினையும் இதே வேலையைச் செய்கின்றன. ஆங்கிலம் பேசும் பிள்ளையோ முதலில் வரும் பெயரை எழுவாயாகக் கொள்ளப் பழகியது. ஆனாலும் கடிப்பது நாய்தானே என்று ஊகித்துச் சரியாக எழுதிவிடும். 'புயெரும் புயெல்லா விதெத்', அதாவது 'சிறுவனைச் சிறுமி பார்க்கிறாள்' என்னும் தொடரில் அந்த ஊகம் கைகொடுக்காது. முதல் தொடரில் மதிப்பெண் பெற்றது வாசிப்பு அல்ல, உலக அறிவு. இன்று அந்த ஊகம்கூடத் தேவையில்லை. மொழிபெயர்ப்புக் கருவி நொடியில் விடை தருகிறது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் மின்னூலகத்தில் ஒரு சொல்லைத் தொட்டால் அதன் வேற்றுமை, எண், காலம் எல்லாம் விரியும். ஆய்வாளருக்கு அது வரம். தொடக்க மாணவருக்கு, அவர் செய்ய வேண்டிய வேலையையே பறித்துக்கொள்ளும் உதவி.

ஆகவே பிள்ளை வாய்விட்டு வாசிக்க வேண்டும். 'புயெரும்' என்றதுமே ஆசிரியர் நிறுத்தி, 'இது எந்த வேற்றுமை?' என்று கேட்க வேண்டும். இது புதிய கருத்தன்று. டபிள்யூ. எச். டி. ரௌஸ் 1902 முதல் 1928 வரை கேம்பிரிட்ஜின் பெர்ஸ் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தபோது இலத்தீனையும் கிரேக்கத்தையும் பேச்சின் வழியே கற்பித்தார். டென்மார்க்கின் ஹான்ஸ் ஓர்பெர்க், 1955-இல் முதலில் வெளிவந்த தம் பாடநூலை முழுவதும் இலத்தீனிலேயே எழுதினார். நேரலையில் கூடும் சிறு குழுவுக்கு இம்முறை நன்றாகவே பொருந்தும். பதின்பருவத்தினர் கேமராவை அணைத்துவிட்டு மௌனம் காப்பது உண்மைதான். ஆனால் ஆறு பேர் குழுவில் அந்த மௌனம் நெடுநேரம் நீடிக்காது. பதிவுசெய்த காணொளியும் தானே திருத்திக்கொள்ளும் வினாடிவினாவும் சொற்பட்டியலை மனனம் செய்ய உதவும், அவ்வளவே.

கிரேக்கத்துக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. எழுத்தும் அசையழுத்தக் குறிகளும் கையால் எழுதித்தான் மனத்தில் படியும்; விசைப்பலகையை முதலாண்டில் ஒதுக்கிவைப்பதே நல்லது.

அரசு ஆதரவை நம்பியிருக்க முடியாது என்பதையும் அண்மைக்காலம் காட்டிவிட்டது. அரசுப் பள்ளிகளில் இலத்தீனைப் பரப்ப 2021-இல் 40 இலட்சம் பவுண்டில் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்ட திட்டம், 2025 பிப்ரவரியில், கல்வியாண்டின் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. இத்தகைய இடத்தில் இணைய வகுப்பை ஏளனம் செய்வது நியாயமன்று. ஆனால் எத்தனை பேர் பதிவுசெய்தனர் என்ற கணக்கை அதன் வெற்றியாகக் காட்டுவதை ஏற்க முடியாது. வாரத்தில் ஒருமுறையேனும் ஒவ்வொரு மாணவரின் வாசிப்பையும் ஆசிரியர் காதால் கேட்காத வகுப்பு, எத்தனை ஆயிரம் பேரை எட்டினாலும், மொழி வகுப்பு ஆகாது.