புயலைக் கற்ற வரலாறு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னையையோ நாகையையோ நோக்கிப் புயல் வருகிறது என்ற செய்தியைக் கேட்டால், எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் நம் மனம் ஊருக்குப் பறந்துவிடுகிறது. தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்று அச்செய்தியில் வரும் சொற்களின் பொருள் என்ன? கடல்மீது அலையும் காற்றை அளந்து தரம் பிரிக்க மனிதன் எப்போது கற்றான்? அந்த வரலாற்றின் முக்கியமான அத்தியாயம் ஒன்று, தமிழர் பலர் குடியேறி வாழும் கல்கத்தா நகரிலேயே எழுதப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நகரில் ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர் வாழ்ந்தார். கப்பல் தலைவராக இருந்து, பின்னர் கரையேறியவர் அவர். புயல்களைப் பற்றி வில்லியம் ரீட் 1838-இல் வெளியிட்ட நூல் அவர் சிந்தனையைத் தூண்டிற்று. புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தேடித் திரட்டி, எந்த நாழிகையில் எந்த இடத்தில் காற்று எத்திசையிலிருந்து வீசிற்று என்பதை ஒப்புநோக்கினார். புயற்காற்று நேர்கோட்டில் வீசுவதன்று, ஒரு நடுவிடத்தைச் சுற்றிச் சுழல்வது என்பதை அக்குறிப்புகள் உறுதிப்படுத்தின. பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியொற்றி அவர் அதற்குச் ‘சைக்ளோன்’ என்று பெயரிட்டார். இன்று உலகெங்கும் வழங்கும் அச்சொல் வங்கத்தில் பிறந்ததே ஆகும்.

மாலுமிகளுக்காக அவர் 1848-இல் ஒரு கைந்நூல் வெளியிட்டார். வடகோளார்த்தத்தில் காற்றை எதிர்நோக்கி நின்றால் புயலின் நடு ஏறத்தாழ வலப்புறம் இருக்கும். எனவே கப்பலை எப்பக்கம் திருப்பினால் உயிர் தப்பலாம் என்பதைத் தீர்மானிக்கலாம். நடுக்கடலில் தவிப்போருக்கு இந்த எளிய விதி பெருந்துணையாயிற்று.

இனி, புயல் உருவாகும் விதத்தைக் காண்போம். கடல்நீரின் மேற்பரப்பு ஏறக்குறைய 26.5 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பமுற்றிருக்கும்போது ஏராளமான நீர் ஆவியாகிறது. அவ்வீரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து மேகமாகும்போது, நீராவியில் மறைந்திருந்த வெப்பம் வெளிப்படுகிறது. அவ்வெப்பம் காற்றை மேலும் உயரத் தூக்குகிறது. கீழே காற்றழுத்தம் குறைகிறது. சுற்றுப்புறக் காற்று அவ்விடத்தை நோக்கி விரைகிறது. பூமி சுழல்வதால் அக்காற்று நேரே நடுவை அடையாமல் திசை விலகி வளைகிறது. வடகோளார்த்தத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலும், தென்கோளார்த்தத்தில் முள்ளின் திசையிலும் சுழற்சி அமைகிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய இடங்களில் திசை திருப்பும் இவ்விசை மிகக் குறைவாதலின், அங்கே புயல் தோன்றுவது அரிது. மேலே வீசும் காற்றின் வேகமும் திசையும் கீழ்க்காற்றினின்று பெரிதும் மாறுபட்டால், எழும் மேகத்தூண் சிதைந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றின் உச்சத்தில் பெரும்புயல்கள் அருகியும், பருவமழைக்கு முன்னும் பின்னும் மிகுந்தும் காணப்படுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

இவ்வகை வெப்பமண்டலப் புயலே மேற்குப் பசிபிக்கில் ‘டைபூன்’ என்றும், அட்லாண்டிக்கில் ‘ஹரிக்கேன்’ என்றும் வழங்குகிறது. பெயர்கள் வேறு, பிறப்பு ஒன்றே. மற்றொரு வகையும் உண்டு. அது நடு அகலக்கோட்டுச் சுழற்சி. குளிர்காற்றும் வெதுவெதுப்பான காற்றும் சந்திக்குமிடத்தில், அவற்றின் வெப்ப வேறுபாட்டிலிருந்து அது வலிமை பெறுகிறது. தில்லியிலும் பஞ்சாபிலும் வாழும் நம்மவர்கள் அதன் சாயலை நன்கறிவார்கள். மத்தியதரைக் கடற்பக்கமிருந்து புறப்பட்டு, மார்கழி, தை மாதங்களில் கோதுமைக்கு மழையும் இமயத்துக்குப் பனியும் கொண்டுவரும் ‘மேற்கத்திய இடையூறு’ இவ்வினத்தைச் சேர்ந்ததே.

நம் நாட்டு வானிலைத் துறை, வெப்பமண்டலச் சுழற்சிகளைக் காற்றின் வேகத்தால் தரம் பிரிக்கிறது. மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை தாழ்வு மண்டலம். 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 முதல் 88 வரை புயல். 117 வரை தீவிரப் புயல். அதற்கு மேலும் இரு படிகள் உண்டு. வேகம் 221-ஐத் தொட்டால் அது ‘சூப்பர் சைக்ளோன்’.

ஆயினும், காற்றைவிட மிகுதியாக உயிர்களைக் கொள்ளை கொள்வது புயல் தள்ளிவரும் கடல்நீரே. பிடிங்டன் இதனையும் உணர்ந்திருந்தார். கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றின் கரையில் புதுத் துறைமுகம் அமைக்க அரசு எண்ணியபோது, கடல் ஒருநாள் பொங்கி அதனை அழிக்கும் என்று 1853-இல் அவர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு எழுதி எச்சரித்தார். யாரும் செவிசாய்க்கவில்லை. கானிங் என்ற பெயரில் துறைமுகம் எழுந்தது. பிடிங்டன் 1858-இல் காலமானார். 1867-இல் வந்த புயல் அத்துறைமுகத்தைச் சின்னாபின்னமாக்கியது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

இதற்கிடையே, 1864 அக்டோபர் 5-இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறக்குறைய 60,000 பேர் மாண்டதாகக் கணக்கிடப்பட்டது. அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தில் கடல் புகுந்து சுமார் 30,000 பேரை விழுங்கியது. இவ்வழிவுகளும், பின்னர் பருவமழை பொய்த்ததும் சேர்ந்து அரசின் கண்களைத் திறந்தன. 1875-இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. பிளான்போர்டு என்பவர் அதன் முதல் தலைமை அறிஞரானார்.

துறை தோன்றியதனால் மட்டும் துயரம் நீங்கிவிடவில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததையும், பாம்பனிலிருந்து சென்ற ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டதையும் நாம் மறக்கவில்லை. 1999 அக்டோபர் 29-இல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் சைக்ளோனில் சுமார் 10,000 பேர் மாண்டனர். அந்தத் துயரத்திலிருந்து அம்மாநிலம் பாடம் கற்றது. கரையோரங்களில் புயற் காப்பிடங்கள் எழுந்தன. ஊர்தோறும் தொண்டர்கள் பயிற்சி பெற்றனர். 2013 அக்டோபர் 12-இல் கோபால்பூர் அருகே ‘பைலின்’ கரையேறியது. அதுவும் கொடிய புயலே. எனினும் சுமார் பத்து லட்சம் மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டதால், மாண்டோர் தொகை நூற்றை எட்டவில்லை.

பிடிங்டனிடம் இருந்தவை பழைய நாட்குறிப்புகள் மட்டுமே. நம்மிடமோ வானில் செயற்கைக்கோளும் கரையில் ராடாரும் இருக்கின்றன. ஆனால் கானிங் துறைமுகத்தில் குறைவாக இருந்தது அறிவன்று. அறிந்தவர் சொல்லுக்குச் செவிகொடுக்கும் மனமே. கடலோரத்தில் வீடு வாங்கும்போதும், ஊரிலுள்ள முதியோரிடம் தொலைபேசியில் பேசும்போதும், அந்த வரலாற்றை நாம் நினைவில் கொள்ளுதல் வேண்டும். புயலைத் தடுத்தல் நம்மால் இயலாது. எச்சரிக்கை வந்ததும் எழுந்து புறப்படுதல் இயலும்.