4400 சுற்று

வால்வு ஆம்ப்ளிஃபையர் போட்டோ எதைப் பார்த்தாலும் முன்னாடி நிக்கிறது வால்வுதான். ஆரஞ்சு வெளிச்சத்தோட நல்லா போஸ் கொடுக்கும். அதுக்குப் பின்னாடி கறுப்பு பெயின்ட் அடிச்ச இரும்புப் பெட்டி ஒண்ணு சத்தமில்லாம உட்கார்ந்திருக்கும். ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிப் பார்த்தா மொத்தக் கனமும் அந்தப் பக்கம்தான் இழுக்கும். அதுதான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். வால்வு போனா கழட்டிட்டு வேற மாட்டிக்கலாம். இது போனா கதை கந்தல்.

இந்தப் பெட்டியோட வரலாறைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன். என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். "ஹை-ஃபை"ன்னு நாம சொல்ற சமாச்சாரம் புது வால்வு வந்ததால பிறக்கலை. கம்பியை எப்படிச் சுத்தணும்னு ஒருத்தர் உட்கார்ந்து யோசிச்சு, அதை ஒளிக்காம அச்சில் போட்டதால பிறந்தது.

முதல்ல, டிரான்ஸ்ஃபார்மர் எதுக்கு? வால்வுக்கு வோல்ட்டேஜ் கொடுக்கத் தெரியும், கரன்ட் கொடுக்கத் தெரியாது. சில நூறு வோல்ட், சில பத்து மில்லிஆம்பியர், அவ்வளவுதான் அதோட சம்பாத்தியம். ஸ்பீக்கர் நேர் எதிர். அதோட காயில் சில ஓம்தான். வோல்ட் கொஞ்சம் போதும், ஆம்பியர் வேணும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தரகர் தேவை. பிரைமரியில் நிறையச் சுற்று, செகண்டரியில் கொஞ்சம் சுற்று. சுற்றுகளோட விகிதம் என்னவோ, அதோட வர்க்கம்தான் ஓம் கணக்கு. தத்துவம் இவ்வளவுதான். பத்தாங்கிளாஸ் பையனுக்கே புரியும்.

ஆனா கரன்ட் கம்பத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு 50 ஹெர்ட்ஸ் ஒண்ணைச் சமாளிச்சா போதும். ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் 20 ஹெர்ட்ஸில் இருந்து 20,000 வரைக்கும் ஒரே மாதிரி நடந்துக்கணும். கீழ்ஸ்தாயிக்கு இண்டக்டன்ஸ் அதிகம் வேணும், அதனால நிறையச் சுற்று, நிறைய இரும்பு. நிறையச் சுத்தினா பிரைமரியில் கிளம்பின காந்தப்புலம் முழுசும் செகண்டரிக்குப் போய்ச் சேராது. கொஞ்சம் வழியில ஒழுகிடும். இதுக்கு லீக்கேஜ் இண்டக்டன்ஸ்னு பேரு. மேல்ஸ்தாயியைச் சாப்பிடறது இதுதான். சரி, இரண்டையும் அடுக்கடுக்கா மாத்தி மாத்திச் சுத்தி லீக்கேஜைக் குறைக்கலாம்னா, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் கெப்பாசிட்டன்ஸ் ஏறும். அதுவும் மேல்ஸ்தாயிக்கு எமன். ஒண்ணைப் பிடிச்சா இன்னொண்ணு நழுவும். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி, எல்லாரையும் திருப்திப்படுத்தறது கஷ்டம்.

இந்த இழுபறியை ரொம்ப நாள் யாரும் பெரிசா எடுத்துக்கலை. ரேடியோ கேட்க அது போதும்னு விட்டாங்க. நிலைமையை மாத்தினது ஒரு அமெரிக்கர். பெல் ஆய்வகத்தில் இருந்த ஹெரால்ட் பிளாக், 1927 ஆகஸ்டில் வேலைக்குப் போற படகில் உட்கார்ந்து கையில் இருந்த நியூஸ்பேப்பர் மேலேயே நெகட்டிவ் ஃபீட்பேக் யோசனையைக் கிறுக்கி வெச்சார். வெளியே வர்ற சிக்னலில் கொஞ்சத்தை எடுத்து உள்ளே எதிர்த்திசையில் கொடு, டிஸ்டார்ஷன் குறையும். கேட்க ஜோரா இருக்கு. ஆனா அதில் ஒரு கண்ணி இருக்கு. உள்ளே இருக்கற ஒவ்வொரு உறுப்பும் சிக்னலைக் கொஞ்சம் கொஞ்சம் தாமதப்படுத்தும். எல்லாத் தாமதமும் சேர்ந்து 180 டிகிரி ஆனா "எதிர்த்திசை"ங்கறது "அதே திசை"ன்னு ஆயிடும். ஆம்ப்ளிஃபையர் தானாவே ஊளையிட ஆரம்பிச்சிடும். அந்தத் தாமதத்தில் பெரும்பங்கு யாரோடது? நம்ம இரும்புப் பெட்டியோடதுதான்!

இங்கேதான் டி.டி.என். வில்லியம்சன் வர்றார். ஸ்காட்லாந்துக்காரர், 1923-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் லண்டனில் வால்வு தயாரிக்கிற மார்க்கோனி-ஆஸ்ரம் கம்பெனியில் வேலை. அங்கே இருக்கறப்போ போட்ட டிசைனை 1947 ஏப்ரல், மே மாத 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் இரண்டு பகுதியா எழுதினார். இரண்டு கேடி66 வால்வை டிரையோடா மாத்தி புஷ்-புல்லில் போட்டது, 15 வாட். டிஸ்டார்ஷன் 0.1 சதவீதம்தான். இதுக்காக 20 டெசிபல் ஃபீட்பேக்கை டிரான்ஸ்ஃபார்மரையும் உள்ளே சேர்த்து சுத்தி வந்து கொடுத்தார். அப்போ அவருக்கு வயசு 24-தான்.

சர்க்யூட்டில் அதிசயம் ஒண்ணும் இல்லை. அதிசயம் டிரான்ஸ்ஃபார்மர் பத்தி எழுதின பகுதியில் இருக்கு. "நல்ல டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் போடுங்க"ன்னு ஒரு வரியில் முடிச்சிருக்கலாம். மனுஷன் அப்படிச் செய்யலை. சமையல் குறிப்பு மாதிரி அளவோட கொடுத்தார். ஒண்ணரை அங்குல அகலத்தில் ஒரே மாதிரி இரண்டு காயில். ஒவ்வொண்ணிலும் 5 பிரைமரிப் பகுதி, நடுநடுவே 4 செகண்டரிப் பகுதி. ஒரு பிரைமரிப் பகுதிக்கு 30 கேஜ் எனாமல் கம்பியில் வரிசைக்கு 88 சுற்றா 5 வரிசை, ஆக 440. செகண்டரிக்கு 19 கேஜ் தடிக்கம்பியில் வரிசைக்கு 29 வீதம் 2 வரிசை, ஆக 58. வரிசைக்கு வரிசை மெல்லிசுப் பேப்பர், பகுதிக்குப் பகுதி எம்பயர் டேப் மூணு சுத்து. கடைசியில் ஒரு காயிலைத் தலைகீழாத் திருப்பிப் போட்டு ஸ்டாம்பிங்கைச் சொருகணும். அப்போதான் இரண்டு பாதியும் கண்ணாடியில் பார்த்த மாதிரி சமமா இருக்கும்.

நம்ம ஊர் மோட்டார் வைண்டிங் கடைக்காரர்கிட்ட இதைத் தமிழில் படிச்சுக் காட்டினா ஒரு சந்தேகமும் கேட்காம வேலையை ஆரம்பிச்சிடுவார். கேஜ் கணக்கு இரண்டு இடத்துக்கும் ஒண்ணுதான், வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது.

கணக்கைக் கொஞ்சம் சரிபார்க்கலாம் வாங்க. மொத்த பிரைமரி 10 பகுதி, அதாவது 4400 சுற்று. செகண்டரிப் பகுதி ஒண்ணுக்கு 58. வகுத்தா 76 வரும். வர்க்கப்படுத்தி 10,000 ஓமை அதால வகுத்தா 1.7 ஓம். மொத்தம் 8 பகுதி இருக்கே, இரண்டு இரண்டா வரிசையில் சேர்த்தா 7 ஓம் கிட்ட. மூணு சேர்த்தா 15 ஓம் ஸ்பீக்கருக்குப் பொருந்தும். ஒரே டிரான்ஸ்ஃபார்மர், எந்த ஸ்பீக்கருக்கும் ஆகும். பிரைமரி இண்டக்டன்ஸ் குறைஞ்சது 100 ஹென்றி. 20 ஹெர்ட்ஸில் அது 12,500 ஓம். லீக்கேஜ் வெறும் மில்லிஹென்றிக் கணக்கில்தான். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைச்சல்! இந்த விகிதம்தான் மொத்த வித்தையும்.

சுத்தற ஆளை நினைச்சுப் பாருங்க. ஃபார்மரோட சுற்றளவே 6 அங்குலம். 4400 சுற்றுன்னா குறைஞ்சது 670 மீட்டர் கம்பி. மேலே போகப் போகச் சுற்று பெரிசாகும், கிலோமீட்டரையே நெருங்கும். கம்பித் தடிமன் 0.3 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு இடத்தில் எனாமல் உரிஞ்சு ஷார்ட் ஆனா மொத்தமும் குப்பை.

அதனாலதான் ஊர் உலகத்தில் ரகளையும் நடந்தது. கிடைச்ச டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டுக் கட்டினவங்களோட செட் ஊளையிட்டது. 1949 ஆகஸ்டில் வில்லியம்சனே புது வடிவம் ஒண்ணு வெளியிட்டு, முதல் ஸ்டேஜில் சின்னதா ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் சேர்த்து ஸ்திரப்படுத்தினார். லண்டன் பார்ட்ரிட்ஜ் கம்பெனி இந்த சர்க்யூட்டுக்குன்னே ஒரு மாடல் சுத்தி வித்தது. அதே வருஷம் நவம்பரில் அமெரிக்காவில் சார்சரும் ஸ்பிரிங்கிளும் உள்ளூர் வால்வுக்கு மாத்தி எழுதினாங்க. இதில் சார்சர் யாருன்னா, டோஸ்கானினி நடத்தின என்.பி.சி. சிம்ஃபனியில் வயலின் வாசிச்சவர்! காது சும்மா விடுமா?

அடுத்து வந்தவங்களும் கைவெச்சது வால்வில் இல்லை, வைண்டிங்கில்தான். 1949 டிசம்பரில் மெக்கின்டாஷும் கார்டன் கோவும் இரண்டு கம்பியை ஜோடியாச் சேர்த்தே சுத்தற பைஃபைலர் முறையில் 50 வாட் ஆம்ப்ளிஃபையரைக் காட்டினாங்க. 1951 நவம்பரில் டேவிட் ஹாஃப்ளரும் கீரோஸும் பிரைமரியில் 43 சதவீதத்தில் ஒரு டேப் எடுத்து ஸ்கிரீனுக்குக் கொடுத்து "அல்ட்ரா-லீனியர்"னு பேர் வெச்சாங்க. அந்த யோசனையை 1937-லேயே பேட்டன்ட் எடுத்தவர் இங்கிலாந்தின் ஆலன் புளூம்லைன். பாவம், 1942-ல் ராடார் சோதனை விமானம் விழுந்து செத்துப் போயிட்டார்.

அப்புறம் டிரான்சிஸ்டர் வந்தது. அதுக்கு ஆம்பியர் கொடுக்கத் தெரியும், தரகர் தேவையில்லை. 1956-ல் எச்.சி. லின் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத சர்க்யூட்டை வெளியிட்டார். கொஞ்ச வருஷத்தில் இரும்புப் பெட்டிக்காரங்க வேலை போச்சு. வில்லியம்சனும் வேற பக்கம் போயிட்டார். கம்ப்யூட்டர் ஓட்டற இயந்திரக் கருவிகள் பக்கம் போய் அதிலும் முன்னோடி ஆனார். 1992-ல் காலமானார்.

இப்போ என் கட்சிக்கு வர்றேன். அந்தக் காலத்தில் நல்ல டிரான்ஸ்ஃபார்மர் சுத்தின கம்பெனிகள் பலதும் உள்ளே என்ன அடுக்குன்னு வெளியே சொல்லலை. தாரை ஊத்தி மூடி வித்தாங்க. வியாபாரம், தப்புச் சொல்ல முடியாது. ஆனா கம்பெனி மூடினப்போ சூத்திரமும் மண்ணோட போச்சு. இன்னிக்கு அதைத் தெரிஞ்சுக்கணும்னா ஒண்ணை அறுத்து, ஒவ்வொரு சுற்றா எண்ணணும். வில்லியம்சனோடதுக்கு அந்தக் கொலை தேவையில்லை. அரைப் பக்கம் படிச்சா போதும். 24 வயசுப் பையன் ஒருத்தன் எழுதி வெச்ச அந்த அரைப் பக்கத்தை வெச்சு இன்னிக்கும் யார் வேணும்னாலும் சுத்தலாம்.

பாட்டி சுட்ட அதிரசம் மாதிரிதான். பக்குவம் சொல்லிட்டுப் போனாதான் பேத்தி சுடுவா. கைப்பக்குவம்னு கமுக்கமா இருந்தா, படத்துக்கு மாலை போட்டுட்டு கடையில வாங்கித் திங்க வேண்டியதுதான் :-)